ஆன்ட்டி ஒப்படைத்த மீன்

கடல் கடந்து வந்து, லின்ஃபீல்ட் என்ற புறநகரில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளர் ஒரு யாழ்ப்பாணத்து ஆன்ட்டி. குள்ளமான உருவம், புடவைக்கு மேல் எப்போதும் கணவரின் கம்பளிச் சட்டை. பின்தோட்டத்துத் தொட்டியில் கோய் என்னும் சிவப்பு அலங்கார மீன் ஒன்று இருந்தது. காலையில் தனக்குத் தேநீர் ஊற்றும் முன்பே அதற்குச் சோறு போட்டு, ஊர்ப் புதினமெல்லாம் சொல்லுவார்.

நகரத்தில் தண்ணீர்ப் பஞ்சம் வந்து, தெற்கே ஓடும் வைகாட்டோ ஆற்றுநீரைக் குழாயில் கொண்டுவரலாம் என்று பேச்சு எழுந்த வருடம் அது. கோய் மீன் அந்த ஆற்றைக் கிளறிச் சேறாக்குகிறது, அதை வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்று ஆங்கில வகுப்பில் கேட்டுவந்த ஆன்ட்டி, கொண்டுபோய்க் கொன்றுவிடுவார்கள் எனத் தெரிந்தும் தானே மீன்வளத் துறை அதிகாரிக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்.

"பேசாம ஓடையில விட்டுடலாமே ஆன்ட்டி?" என்றேன்.

"விட்டா இது பிழைச்சிடும் பிள்ளை. அங்க கிடக்கிற மற்ற மீனுகள் என்ன செய்யும்?"

அதிகாரி வாளியோடு வந்தார்.

"நோகாமச் செய்வினமோ எண்டு கேள்," என்றார் ஆன்ட்டி. நான் ஆங்கிலத்தில் கேட்டேன். அதிகாரி தலையசைத்தார். வண்டி போன பிறகு ஆன்ட்டி தொட்டியருகே நின்று அழுதார்.

மாலையில் என்னைக் கூப்பிட்டு மீன் குழம்பு பரிமாறினார். எனக்குக் கை போகவில்லை.

"அது வேற மீன், இது வேற மீன். ஆறமுன்னம் சாப்பிடு," என்று அதட்டிப் பெரிய துண்டாகப் பார்த்து வைத்தார்.

அவர் மட்டும் வெறும் தேங்காய்ப்பால் சொதியோடு சாப்பிட்டு எழுந்தார்.