காத்திருப்போர் சங்கிலி

பம்பாய் செம்பூரில் நான் வேலைக்குச் சேர்ந்த கம்ப்யூட்டர் கம்பெனி என்பது ஓர் அறை, ஓர் ஏசி, ஒரே ஒரு கம்ப்யூட்டர். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எங்கள் சீனியர் மாட்டுங்காக்காரர். காலையில் வந்ததும் மானிட்டருக்கு ஊதுபத்தி காட்டுவார். கீபோர்டில் விழுந்த சாம்பலை வாயால் ஊதுவார். சி மொழியை பம்பாய்க்கே தான்தான் கொண்டுவந்த மாதிரி நினைப்பு. ஆசாமி படித்திருந்தது ஒரே புத்தகம், அதிலும் முதல் பாதி.

என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நான் குடியிருந்த இடத்தை வைத்து "தாராவி" என்பார். ஒருமுறை அவர் புரோகிராமில் ஒரு தப்பைக் காட்டினேன். "உனக்கு என்னடா தெரியும் தாராவி? போய் டீ சொல்லிட்டு வா" என்றார். மறுநாள் அதே தப்பைத் தானே கண்டுபிடித்ததாக முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எண்பதுகளின் கடைசி. கேஸ் கனெக்‌ஷனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பார்கள். மாட்டுங்காவில் ஒரு ஏஜென்சியின் காத்திருப்போர் பட்டியலை கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை எங்களுக்கு வந்தது. தடித்த ரிஜிஸ்டரைப் பார்த்து எல்லாப் பெயரையும் டைப் அடித்தவன் நான். உம்மாவின் பெயரும் அதில் இருந்தது. நாலு வருஷமாக மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் முன்னால் இருமிக்கொண்டிருந்தவளுக்கு இன்னும் சில மாதத்தில் முறை வந்துவிடும்.

சீனியர் லிங்க்டு லிஸ்ட் போட்டிருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் மெமரியில் ஒரு பெட்டி கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அடுத்த பெட்டியின் விலாசம் இருக்கும். நடுவில் ஒருவர் விலகினால், அவர் பெட்டியிலுள்ள விலாசத்தை முதலில் குறித்துக்கொண்டு, பிறகுதான் பெட்டியைத் திருப்பித் தர வேண்டும். இந்த மேதை முதலில் பெட்டியைத் திருப்பித் தந்தார். அப்புறம் விலகியவருக்கு ஒரு கடிதம் அச்சடித்தார். அதற்கும் அப்புறம், கைவிட்ட பெட்டியிலேயே விலாசம் தேடினார். கடிதம் அடிக்கும் வேலைக்கு இடம் தேவைப்பட்டு, மெஷின் அந்தப் பெட்டியையே எடுத்துக்கொண்டிருக்கும். வீட்டைக் காலி செய்தவனைப் பற்றி, புதிதாகக் குடிவந்தவனிடம் விசாரிக்கிற புத்திசாலித்தனம்.

வீட்டுக்குப் போகும் ரயிலில் அவர் புரோகிராமின் பிரிண்ட்அவுட்டைப் புரட்டும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை. ஏஜென்சி முதலாளி முன்னால் மனுஷன் மூக்குடைபட வேண்டும். அதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பார்த்த பிறகு ஒரே நிமிஷத்தில் நான் சரிசெய்து காட்டுவேன்.

ஏஜென்சியில் ஓட்டிக் காட்டிய அன்று அவர்களுடைய பிரிண்டர் வந்து சேரவில்லை. கடிதம் இல்லை, அதனால் பெட்டியை யாரும் தொடவில்லை, விலாசம் பத்திரமாக இருந்தது. சீனியர் பட்டியலிலிருந்து பத்துப் பெயரை எடுத்துக் காட்டினார். பத்தும் ஒழுங்காகப் போயின. ஏஜென்சி முதலாளி எல்லோருக்கும் பேடா கொடுத்தார். கம்ப்யூட்டர்தான் வந்துவிட்டதே என்று ரிஜிஸ்டரைப் பழைய பேப்பர் வாங்கும் ரத்திக்காரனுக்குப் போட்டார். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். பிரிண்டர் வரட்டும் என்று பேடாவைத் தின்றேன்.

பிரிண்டர் வந்தது. ஒருநாள் பட்டியலில் முன்னால் இருந்த யாரோ ஊரைவிட்டுப் போவதாக விலகினார். சங்கிலி அந்த இடத்தில் அறுந்தது. அவருக்குப் பின்னால் இருந்த அத்தனை பேரும் போனார்கள். சத்தமில்லை, புகையில்லை. சாயங்காலம் மிச்சமிருந்த பட்டியலை, முழுப் பட்டியல் இருந்த ஒரே பிளாப்பியின் மேலேயே எழுதிவிட்டு ஆபீசைப் பூட்டினார்கள்.

பெயரைக் காணோம் என்று ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். சீனியரை வரவழைத்தார்கள். கூடவே நானும் போனேன், வேடிக்கை பார்க்க. அவர் பட்டியலை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். "மெஷின் நன்னாத்தானே ஓடறது. இவா ஒழுங்கா எழுதிக் குடுத்திருக்க மாட்டா" என்றார். முதலாளி தலையாட்டினார். பழைய ரசீது செல்லாது, எல்லோரும் புதிதாக எழுதித் தர வேண்டும் என்று போர்டு வைத்தார்கள். யாருடைய மூக்கும் உடையவில்லை. இப்போது சொன்னால், தெரிந்தும் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்பார்கள். அதற்குப் பயந்து பேசாமல் நின்றேன். அந்த அறையிலேயே கேவலமான பிறவி நான்தான்.

அடுத்த வாரம் உம்மா ஏஜென்சிக்குப் போய்விட்டு வந்தாள்.

"கம்ப்யூட்டர்ல நம்ம பேரே இல்லன்னுட்டான். நீதானல அந்த வேல பாக்க. அது தப்பா சொல்லுமா?"

"நீ ஒழுங்கா எழுதிக் குடுத்தியா உம்மா?" என்று கேட்டேன்.

"அப்படித்தான் நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு, ஸ்டவ்வுக்குப் பம்ப் அடிக்க உட்கார்ந்தாள்.