பசிப்புல் வீதியில் முறிந்த விரதம்

கிருஷ்ணராசா பதினெட்டு வருடமாக லண்டனில் இல்ஃபோர்ட் வீதிகளுக்குத் தார் போடுகிறவர். கூட வேலை செய்த டெக்லன் ஐரிஷ்காரன். தேநீர் நேரத்தில் தன் ஊர் வீதிப் பெயர்களின் கதைகளை அவிழ்த்துவிடுவான். தொண்டை ஒப்பரேஷனுக்குப் பிறகு இப்போது அவனுக்குக் குரல் இல்லை.

பக்கத்தில் வால்தம்ஸ்டோவில் ஒரு ஐரிஷ் கிளப் அப்படியான கதைகளைக் கேட்டெழுதிப் புத்தகமாக்கிக்கொண்டிருந்தது. கதை கொடுக்க அந்த ஞாயிறு பின்னேரம்தான் கடைசித் தவணை. டெக்லனின் ஊர்ப் பசிப்புல் வீதி இன்னும் அதில் ஏறவில்லை. "நீ சொல்லு" என்று துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, முன்வரிசையில் கிருஷ்ணராசாவின் மனைவி நாகேஸ்வரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

கிருஷ்ணராசா எழுந்து அந்த வீதியின் கதையைத் தொடங்கினார். பஞ்சத்தில் விழுந்து செத்தவர்களின் மேல் முளைத்த புல். மிதித்தவனை அந்த நொடியே பசி பிடித்து விழுத்தும். பையில் ஒரு துண்டு பாணில்லாமல் அங்கே யாரும் நடப்பதில்லை. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார்.

கிளப் செயலாளர் பெர்னடெற் பேனையைத் தொடவில்லை.

"நடந்து பார்த்த ஆள் வாயால சொன்னால்தான் எழுதுவம். நீங்கள் நடந்தனீங்களா?"

"ஓம். போன மாசம், டெக்லனோட அவன்ர ஊருக்குப் போய்."

"அப்ப உங்களுக்கு என்ன நடந்தது?"

கிருஷ்ணராசா நாகேஸ்வரியைப் பார்த்தார். போன மாதம் கந்தசஷ்டி. வாயை மூடினால் வீட்டில் நிம்மதி. ஆனால் டெக்லனின் வீதி போய்விடும். டெக்லன் கதிரை நுனிக்கு வந்துவிட்டான்.

"அண்டைக்கு எனக்கு நாலாம் நாள் விரதம். பையிலயும் ஒண்டுமில்லை, வயித்திலயும் ஒண்டுமில்லை. புல்லில கால் வைச்சன், முழங்கால் மடிஞ்சுது. இவன்தான் தன்ர பாணைப் பிச்சு என்ர வாயில திணிச்சவன். ரெண்டு துண்டு. பட்டரும் பூசியிருந்தது."

மண்டபமே மேசைகளைத் தட்டியது. பட்டினியாகப் போய்ப் பசிப்புல்லை மிதித்த ஒருவனை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. டெக்லன் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தான். பெர்னடெற்றின் பேனை ஓடியது.

நாகேஸ்வரி எழுந்தாள்.

"அப்ப விரதம் முடிக்கிற பாரணைக்கெண்டு விடியக்காலமை எழும்பி நான் எட்டுக் கறி வைச்சது?"

"அதையும் சாப்பிட்டனான்தானேயப்பா."

"சாப்பிட்டனீங்கள். ரெண்டாந்தரமும் சோறு கேட்டனீங்கள்." அவள் பெர்னடெற்றின் பக்கம் திரும்பினாள். "இவற்ற பேரையும் போடுங்கோ. விரதம் முறிச்சவரெண்டும் சேர்த்துப் போடுங்கோ."