பசித்த கோதடி

கோதடிக்கு வயிறு உண்டு, பசித்தால் அது போர்த்திக்கொண்டவரைக் கால்பக்கமிருந்து தின்னத் தொடங்கும் என்று ஏழாவது வயதில் நான் மனதார நம்பினேன். இன்று தலை வழுக்கையாகி, ஊரையே கேலி பேசுகிறவன் என்று பெயரும் வாங்கியாகிவிட்டது. ஆனாலும் மழைநாளில் ஈரத்தோல் நாற்றமும் பழந்துணி வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறினால், போர்வைக்குள் கிடக்கும் கால் தானாக வெளியே வந்துவிடுகிறது.

அது யுத்த காலம். தாராவியில் நாங்கள் இருந்த "சால்" என்ற ஒற்றையறை வீட்டு வரிசை முழுக்கத் தோல் கிடங்கில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள். துணி "கண்ட்ரோலில்" போய், அளந்துதான் கிடைத்ததால் கிழிந்த வேட்டிகூட சொத்துக் கணக்கில் சேர்ந்திருந்தது. மதியம் குழாயில் தண்ணீர் நின்றதும் பெண்கள் நடைவழியில் உட்கார்ந்து, பழைய சேலைகளை அடுக்கி, மேலே முக்கோணமும் சதுரமுமாக ஒட்டுத்துணி பரப்பி, நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டுக் கோதடி தைப்பார்கள். சேர்ந்து தைத்தார்கள் என்றால் ஒற்றுமை என்று நினைத்துவிடாதீர்கள். கையில் ஊசி இருக்கும்போது திட்டுவது வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவி பக்கத்து அறைக் காசிபாய். மராட்டிக்காரி. எங்கள் திருநெல்வேலித் தமிழை அவள் குழாயடிச் சண்டையில்தான் கற்றுக்கொண்டாள் என்பதால், அவளுக்குத் தமிழில் நல்ல வார்த்தை ஒன்றுகூடத் தெரியாது. கோதடியின் கடைசி மூலையை மூடுமுன் உள்ளே ஒரு துண்டு காய்ந்த "பக்ரி", அதாவது சோள ரொட்டி, வைப்பது அவர்கள் வழக்கம். கோதடியைப் பட்டினியாக மூடக்கூடாதாம்.

என் தங்கை பிறந்தபோது அவளுக்கென்று ஒரு கோதடி தொடங்கினார்கள். அம்மா தன் கூறைச்சேலையை எடுத்துக் கொடுத்தாள். அது முழுசாக, மடிப்புக் கலையாமல் உள்ளே கிடந்து பிள்ளைக்குக் கதகதப்புத் தரட்டும் என்பது அவள் எண்ணம். காசிபாயோ, நல்ல துணி நடுவில் எல்லோர் கண்ணிலும் படவேண்டும் என்று, அதில் கத்தரி வைத்து எட்டிதழ்ச் சிவப்புப் பூவாக்கிவிட்டாள்.

"ஏ காசி! புருசன் உசுரோட இருக்கயில கூறைச்சேலைய வெட்டுதியே, ஒங் கண்ணு அவிஞ்சா போச்சு?"

"நல்ல துணிய உள்ள பொதச்சு வைக்க அது என்ன சவமா? ஏட்டி பேச்சி, பூவப் பாத்துட்டுப் பேசு!"

அதுவரை "காசியக்கா" என்று கூப்பிட்ட அம்மா, பாதிக் கோதடியைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். மீதியைக் கறுப்பு நூலில் தனியாகவே தைத்தாள். கடைசி மூலைக்கு வந்ததும், வாசலில் நின்ற காசிபாய்க்குக் கேட்கும்படி, "துணிக்குச் சோறு ஊட்ட நான் என்ன கோட்டிக்காரியா?" என்றாள்.

"மூடு, மூடு, பட்டினியா மூடு. பசி வந்தா பக்கத்துல கெடக்கறதத் திங்கும். பொறவு எங்கிட்ட வந்து அழாத."

பக்கத்தில் கிடக்கப்போவது என் தங்கை. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. கையில் அகப்பையோடு தொட்டிலில்லாத அந்தப் பிள்ளைக்குக் காவல் இருந்தேன். அவ்வப்போது என் சுண்டுவிரலைக் கோதடி மூலையில் வைத்துச் சோதிப்பேன். தியாகமெல்லாம் இல்லை, சுண்டுவிரல் போனால் பெரிய நஷ்டமில்லை என்று ஒரு நினைப்பு.

ஒரு மழைநாள் காலை, அம்மா குழாய்க்குப் போயிருந்த நேரம், அந்த மூலை எழுந்தது. கறுக் கறுக்கென்று மென்றது. நான் தங்கையை விட்டுவிட்டு அகப்பையைப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி, "கோதடி பாப்பாவத் திங்குது!" என்று சால் முழுக்கக் கேட்கக் கத்தினேன். முதலில் பாய்ந்தவள் காசிபாய். அவள் பிள்ளையை வாரி எடுக்கவும், அம்மா குடத்தோடு வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"எம் பிள்ளையக் கீழ விடுட்டி!"

"விட்டா எலி கடிக்கும். கண்ணத் தொறந்து பாரு!"

காசிபாய் காலால் ஓர் உதை விட்டதும் பெருச்சாளி ஒன்று துள்ளிச் சாக்கடைக்குள் போயிற்று. அது கடித்த ஓட்டைக்குள் விரலை விட்டு அவள் எதையோ இழுத்தாள், முகர்ந்து பார்த்தாள்.

"பேச்சி, இது தோசைல்லா!"

வாசலில் கூடிய பெண்கள் சிரித்த சிரிப்பில் தங்கை விழித்துக்கொண்டு அழுதாள். "எலி கொண்டாந்து போட்டிருக்கும்" என்றாள் அம்மா, யார் முகத்தையும் பார்க்காமல்.

"எண்ணெத் தோசைய வச்சா எலி வராம வேற யாரு வருவா, மூதேவி? காஞ்ச பக்ரில்லா வைக்கணும்!"

பிள்ளையை அம்மாவின் கையில் திணித்துவிட்டு, காசிபாய் தன் வீட்டுப் பக்ரித் துண்டோடு வந்து உட்கார்ந்து, தையலுக்கு ஒரு வசவாக அந்த மூலையை மூடினாள். அம்மாவும் பதிலுக்குத் திட்டிக்கொண்டே நூல் கோத்துக் கொடுத்தாள். மறுநாள் குடத்து வரிசையில் இருவரும் மறுபடி அடித்துக்கொண்டார்கள். "காசியக்கா" என்ற சொல் திரும்பவே இல்லை.

இப்போது அந்தச் சால் இருந்த இடத்தில் மாடிக் கட்டிடம். தங்கை விக்ரோலியில், மில் கம்பளியில் தூங்குகிறாள். கோதடியில் முதலில் நைந்து போனது அந்தச் சிவப்புப் பூதான். அம்மா கடைசிவரை "எலிதாம்ல கொண்டாந்துச்சு" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் காசிபாயின் கையைப் பார்த்தவன். அந்தத் தோசைத் துண்டு மஞ்சள் துணியில் முடிந்து, அம்மாவின் கறுப்பு நூலால் உள்துணியோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது.