பின்பக்கத்து மைக்

எனக்கு அந்த மைக்கைக் கண்டாலே பயம். ரத்தம், வெட்டுக்காயம், பாம்புக்கடி எதற்கும் அசராதவள் நான். ஆனால் மைக்கைக் கையில் எடுத்தால் சொல்ல வந்ததே மறந்துபோகும். நான் பேசுவது மலை முழுக்கக் கேட்கும் என்பதுதான் காரணம்.

பொள்ளாச்சிக்கு மேலே, மலையில் உள்ள ஒரு தேயிலை எஸ்டேட்டின் ஆம்புலன்ஸில் நர்ஸாக வேலை பார்த்தேன். நான் கோவைக்காரி. ஒரு சர்ச்சுக்கு எதிர்த்தெருவில் பிறந்து வளர்ந்தவள். செல்போன் எடுக்காத இடம் இன்னும் இருக்கிறது என்பதையே மலைக்குப் போன பிறகுதான் நம்பினேன். கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக்கு மேல் போன் செத்துவிடும். அங்கே வயர்லெஸ்தான் துணை. எஸ்டேட் ஆபீஸ், அடிவாரத்து ஆஸ்பத்திரி, செக்போஸ்ட், தேயிலை லாரிகள் என எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. ஒருவர் பேசினால் அத்தனை பேருக்கும் கேட்கும்.

எங்கள் வண்டியில் வயர்லெஸ் செட் ஒன்று, அதை இயக்கும் கன்ட்ரோல் இரண்டு. செட் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும். ஒரு கன்ட்ரோல் டிரைவருக்கு முன்னால், இன்னொன்று பின்னால் நோயாளியின் தலைமாட்டில். இரண்டுக்கும் தனித்தனி மைக், தனித்தனி ஸ்பீக்கர். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழும் தனித்தனி. வெளியிலிருந்து வரும் பேச்சு இரண்டிலும் கேட்கும். முன்னும் பின்னும் நாங்கள் மட்டும் பேசிக்கொள்ள இன்டர்காம் பட்டனை முதலில் அமுக்க வேண்டும். அதை மறந்துவிட்டு மைக்கை அமுக்கினால் பேச்சு மலைக்குப் போய்விடும். எங்களுக்கு நடுவே இரும்புத் தடுப்பு, அதில் கையகல ஜன்னல். சாலை விஷயமென்றால் டிரைவர் பதில் சொல்வார், நோயாளி விஷயமென்றால் நான்.

டிரைவர் அண்ணன் கிணத்துக்கடவுக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். ரோட்டில் படுத்திருக்கும் மாட்டைக்கூட "கொஞ்சம் எந்திரிங்க" என்று கேட்டுவிட்டுத்தான் ஹாரன் அடிப்பார். அப்பேர்ப்பட்ட மனிதரிடம்தான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே நான் வள்ளென்று விழுந்தேன்.

அன்று கருக்கலைந்த ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரி டாக்டரம்மா வயர்லெஸில் கேள்விமேல் கேள்வி கேட்டார். எத்தனை துணி நனைந்தது, கட்டியாகப் போகிறதா என்று அவர் கேட்பதெல்லாம் முன் ஸ்பீக்கரிலும் அலறியது. அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டாள். மலை முழுக்கக் கேட்பதை என்னால் தடுக்க முடியவில்லை. கோபத்தைக் கைக்கு எட்டிய அண்ணன்மீது காட்டினேன்.

"அண்ணா, பொம்பளைங்க விஷயம் பேசறப்ப உங்க பக்கம் சத்தத்தைக் கொறைச்சு வையுங்க. இதையெல்லாம் கேட்டுட்டுத்தான் வண்டி ஓட்டோணுமா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "செரிங்க சிஸ்டர். நானும் ரெண்டு பொண்ணைப் பெத்தவனுங்க" என்றார்.

அதற்குப் பிறகு நான் மைக்கை அமுக்கி அவர் கன்ட்ரோலில் சிவப்பு விளக்கு எரிந்தாலே போதும், குமிழை முழுக்கத் திருகி ஊமையாக்கிவிடுவார். பேசி முடித்ததும் நான் தடுப்பை ஒருமுறை தட்டுவேன். அவர் சத்தத்தைத் திரும்ப வைத்துக்கொள்வார். ஒன்றரை வருடம் இந்த ஏற்பாடு பிசகவே இல்லை. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

அது ஆனி மாதம். மூன்று நாளாக விடாத மழை. மத்தியானம் மூன்று மணிக்கு, இலை பறிக்கும் ஒரு பெண்ணுக்கு நாள் இருக்கும்போதே வலி கண்டுவிட்டது. புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். கூட வர ஆளில்லை. தனியாகத்தான் ஏற்றினோம். வண்டி கிளம்பியதிலிருந்து என் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அடிவாரத்திலிருந்து எண்ணினால் பதினேழாவது வளைவில் பனிக்குடம் உடைந்தது. இடது கையால் மைக்கை எடுத்து டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லி மைக்கை மாட்டினேன். அந்த நேரம் பார்த்து அவள் துள்ளி எழுந்தாள். தோளைப் பிடித்துப் படுக்க வைத்தேன். தடுப்பைத் தட்டவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஆபீஸ் ஆபரேட்டரின் குரல் வந்தது. "ஒம்பதாவது வளைவுல ரோடு சரிஞ்சு போச்சுங்க. ஆரும் எறங்க வேண்டாம். ஆம்புலன்ஸ், கேக்குதுங்களா?"

சாலை விஷயம், அண்ணன் பதில் சொல்வார் என்று இருந்தேன். பதில் இல்லை. ஆபரேட்டர் திரும்பக் கேட்டார். மூன்றாவது முறை கேட்டபோது அவர் குரலே மாறியிருந்தது. பின் கண்ணாடி வழியே பார்த்தேன். சாலையோரச் சுவரில் மஞ்சள் பெயிண்டில் வளைவு எண் பன்னிரண்டு என்று எழுதியது மழைக்குள் பின்னால் போனது. வண்டியின் வேகம் கொஞ்சமும் குறையவில்லை.

அப்போதுதான் தட்டாதது நினைவுக்கு வந்தது.

 மைக்கைப் பறித்து, "நிறுத்துங்க அண்ணா, வண்டியை நிறுத்துங்க" என்று கத்தினேன். இன்டர்காம் பட்டனை அமுக்க மறந்திருந்தேன். அமுக்கியிருந்தாலும் ஊமை ஸ்பீக்கரில் என்ன கேட்டிருக்கப் போகிறது? மலையில் ஓடிக்கொண்டிருந்த லாரிகள் அத்தனையும் என் சத்தத்தில் நின்றுவிட்டதாகப் பிறகு சொன்னார்கள். எங்கள் வண்டி மட்டும் போய்க்கொண்டிருந்தது.

கையை உருவப் பார்த்தேன். அவள் விடவில்லை. "உட்டுட்டுப் போயிராதீங்கக்கா" என்றாள். நான் அவள் விரல்களைப் பிரித்தேன். பிரித்தேன் என்பது நாகரிகமான வார்த்தை, முறுக்கி விடுவித்தேன். அவள் அலறினாள். தடுப்பிடம் போய், ஜன்னலைத் திறக்கக்கூடத் தோன்றாமல், இரண்டு கையாலும் குத்தினேன், காலால் உதைத்தேன். மாதாவே மாதாவே என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. மழைச் சத்தத்தில் அது அவருக்கு எப்படிக் கேட்டதோ, என்றைக்கும் போலக் குமிழைத் திருப்பியிருக்கிறார். ஆபரேட்டரின் குரல் முன் ஸ்பீக்கரிலும் வெடித்தது. பிரேக் போட்டார். ஆக்சிஜன் சிலிண்டர் உருண்டு வந்து என் கணுக்காலில் இடித்தது. வண்டி வழுக்கிக்கொண்டே போய் நின்றது.

தடுப்பு ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தேன். முன்கண்ணாடிக்கு அப்பால் கொஞ்ச தூரம்தான் தார் இருந்தது. அதற்குப் பிறகு செம்மண்ணும் வெறும் வெளியும். அண்ணன் ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாக ரிவர்ஸ் எடுத்து, மேலே மண் சரியாத இடமாகப் பார்த்து நிறுத்தினார்.

பயப்பட எனக்கு அதற்குமேல் நேரமில்லை. குழந்தையின் தலை தெரிந்தது. இரண்டு கையும் வேண்டும், மைக்கைப் பிடிக்க முடியாது. "அண்ணா, சத்தத்தைக் கொறைக்காதீங்க. டாக்டரம்மாகிட்ட நீங்கதான் பேசணும்" என்றேன்.

 அவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, டாக்டரம்மா சொன்னதை எனக்கும் நான் சொன்னதை டாக்டரம்மாவுக்கும் சொன்னார். காதில் விழவே கூடாது என்று நான் தடுத்து வைத்திருந்த வார்த்தைகளை எல்லாம் அவர் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. "தலை வந்துருச்சாமுங்க டாக்டரம்மா. சிஸ்டர், கழுத்துல கொடி சுத்தியிருக்குதானு பாக்கச் சொல்றாங்க."

சுற்றியிருந்தது. முதல் தடவை விரல் உள்ளே போகவில்லை. இரண்டாம் தடவை கொடியைத் தலைக்கு மேலாக எடுத்துவிட்டேன். குழந்தை வெளியே வந்தது. பெண். நீலமாக இருந்தாள், அழவில்லை. முதுகைத் தேய்த்தேன்.  இவள் போய்விட்டால் நான் தட்டாததுதான் கொன்றது என்று என் மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. பாதத்தைச் சுண்டினேன். இன்னொரு முறை சுண்டினேன். அழுதாள்.

"அழுதுருச்சுங்க" என்று மைக்கில் சொன்ன அண்ணனும் அழுதுகொண்டுதான் இருந்தார்.

கீழே ரோடு இல்லாததால் தாயையும் பிள்ளையையும் எஸ்டேட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்தோம். மறுநாள் எஸ்டேட் மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மூன்று முறை கூப்பிட்டும் ஏன் பதில் இல்லை என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார். "சத்தத்தைக் கொறைச்சு வெச்சு மறந்துபோட்டனுங்க. தப்பு என்னுதுங்க."

நான் பேசியிருக்க வேண்டும். வேலை போய்விடும் என்ற பயத்தில் என் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவரை ஆம்புலன்ஸிலிருந்து எடுத்துத் தேயிலை லாரிக்கு மாற்றினார்கள். பதினைந்து வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்கப் போனேன். "அதை உடுங்க சிஸ்டர், கொழந்தை நல்லா இருக்குதுங்களா?" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

ரோட்டைச் சரிசெய்த பிறகு தினமும் காலையில் அவர் குரல் என் ஸ்பீக்கரில் வரும். "லாரி ஒம்பதாவது வளைவு தாண்டியாச்சுங்க." அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. இரண்டு மாதம் அப்படிப் போனது. ஒருநாள் காலை, ஷெட்டில் நின்றிருந்த ஆம்புலன்ஸில் மருந்து அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்தக் குரல் வந்தது. யோசித்தால் பயந்துவிடுவேன் என்று தெரியும். மைக்கை எடுத்து அமுக்கினேன்.

"அண்ணா, சத்தத்தைக் கொறைக்கச் சொன்னது நான். தட்ட மறந்ததும் நான். நான் சொல்லாம நின்னுட்டேன். நீங்க எதுக்கு ஏத்துக்கிட்டீங்க?"

 லாரி இரைச்சலோடு அவர் பதில் வந்தது.

"சிஸ்டர் பேசறப்ப நான் சத்தத்தைக் கொறைச்சுப்போடுவனுங்க. எனக்கு ஒண்ணும் கேக்கலீங்க."

அடுத்து வந்தது மேனேஜர் குரல். "எனக்குக் கேட்டுச்சு. சிஸ்டர், ஆபீசுக்கு வாங்க."

"வாரேனுங்க" என்றேன். அதுவும் மலை முழுக்கக் கேட்டிருக்கும். மைக்கை மாட்டியதும் பழக்கத்தில் தடுப்பை ஒருமுறை தட்டினேன். முன் சீட்டில் யாரும் இல்லை.