ரயில் ஆட்டிய குழாயும் டாக்டரின் ஆறு வாரமும்

1. ஆடாத மேசை

கலா மூன்றாவது முறையாகக் கடைக்கு வந்தபோது எனக்கே எரிச்சலாகிவிட்டது.

எண்பதுகளின் தொடக்கம். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பார்மசியின் கவுண்டரில் வேலை பார்த்தேன். வீட்டிலேயே கர்ப்பம் பார்க்கும் டெஸ்ட் கிட் அப்போதுதான் எங்கள் அலமாரிக்கு வந்திருந்தது. இப்போதுபோல் குச்சியை நனைத்து இரண்டு கோடு பார்க்கிற சொகுசெல்லாம் அன்று கிடையாது. சின்னக் கண்ணாடிக் குழாய், உள்ளே மருந்துத் தூள். விடிந்ததும் போகும் முதல் சிறுநீரில் சில சொட்டும் கொஞ்சம் தண்ணீரும் விட்டுக் குலுக்கி, ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். பிறகு இரண்டு மணி நேரம் அசைக்கவே கூடாது. குழாய்க்கு அடியில் ஒரு குட்டிக் கண்ணாடி இருக்கும். அதில் பழுப்பு வளையம் தெரிந்தால் பிள்ளை உண்டு.

கலா முதல் கிட்டை நாள் தள்ளிப்போன மறுநாளே வைத்துவிட்டாள். அது அவசரம், சரி. ஒரு வாரம் கழித்து வைத்த இரண்டாவதிலும் வளையம் இல்லை.

"எங்க வெச்சம்மா?"

"மேச மேலதான் அக்கா. யாரும் தொடல. ரயில் போறப்ப மட்டும் லேசா ஆடுச்சு."

அடிப்பாவி! அவள் குடியிருந்தது ரயில்வே குவாட்டர்ஸ். தண்டவாளம் பின்வாசலில். ரயில் போனால் அங்கே டம்ளரே நடந்து போகும், குழாய் எந்த மூலைக்கு?

அவளுக்கும் அவசரம்தான். கணவன் ரவிக்குக் கடல் தாண்டி சபா மாநிலத்தில் மர வெட்டுக் கம்பெனியில் வேலை. எட்டு மாதம் கழித்து வந்தவன், மாதக் கடைசியில் திரும்பப் போகிறான். அதற்குள் சொல்லிவிட வேண்டும் அவளுக்கு.

"நாளைக்குக் காலையில இங்கயே கொண்டாந்துரு," என்றேன்.

மறுநாள் ஜாம் போத்தலை முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்தாள். ஸ்டோர் ரூமில் குழாயை நிறுத்தினேன். முதலாளி மிஸ்டர் லிம் எட்டிப் பார்த்தார்.

"இது கடையா, கிளினிக்கா?" என்று தன் உடைந்த தமிழில் முறைத்தார். விஷயத்தைச் சொன்னதும் மனிதர் மாறிவிட்டார். டிராயரை ஓசைப்படாமல் மூடினார். இருமல் மருந்து கேட்டு வந்த பெரியவரை, "மெதுவா இருமு லா, அங்கிள்," என்று அடக்கினார். நாங்கள் எல்லாரும் நுனிக்காலில் நடந்தோம்.

வளையத்தை முதலில் பார்த்ததும் அவர்தான். "டோனட்! டோனட் வந்துடுச்சு!"

கலா அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன்.

2. அந்த இரண்டு வாரம்

இரண்டு நாள் கழித்து கலாவின் மாமியார் அஞ்சலையம்மா கடைக்குள் புயலாக நுழைந்தார். பின்னால் ரவி. அவனுக்கும் பின்னால், கையில் துணிப்பையோடு, முகமெல்லாம் வீங்கி கலா.

"வீட்டுல ரெண்டு தடவ இல்லன்னுச்சு. உங்க கடையில வெச்சதும் இருக்குன்னுச்சு. என்னம்மா பண்ணி வெச்ச?"

"டாக்டர்கிட்ட காட்டச் சொன்னேனே, பிள்ளை நல்லபடியா இருக்குன்னு அவர் சொல்லலியா ஆன்டி?"

"சொன்னாரு. ஆறு வாரம்னு சொன்னாரு. என் மவன் வந்தே நாலு வாரந்தான் ஆச்சு! மிச்சம் ரெண்டு வாரத்துக்கு யாரு பதில் சொல்றது? இவள கிள்ளான்ல அவங்க ஆத்தா வீட்டுல விட்டுட்டு, அப்படியே திரும்பிப் பாக்காம வந்துரப்போறோம்."

 ரவியோ டூத்பிரஷ்களை எண்ணிக்கொண்டு நின்றான்.

"ஆன்டி, முதல்ல உக்காருங்க. பிள்ளை என்னைக்குத் தங்குச்சுன்னு எந்த டாக்டருக்கும் கரெக்டா தெரியாது லா. அதனால கடைசியா தூரமான முத நாள்லேருந்து எண்ணுவாங்க. பிள்ளை தங்குறது பெரும்பாலும் அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சுத்தான். அந்த முத ரெண்டு வாரம் வயித்துல ஒண்ணுமே இருக்காது."

"ஒண்ணுமே இல்லாததுக்கு எந்த மடையன் வாரம் எண்ணுவான்?"

நியாயமான கேள்விதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அதைத்தான் கேட்டேன்.

"சரி, கலா கடைசியா எப்ப தூரம்?"

கலா வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். "அத ஏன் கேக்குற! தைப்பூசத்தன்னிக்குக் காலையில! பால்குடம் எல்லாம் ரெடி. இவ, 'அத்தை, நான் கோயிலுக்கு வரக்கூடாது'ன்னு வந்து நிக்கிறா. பத்துமலைப் படியெல்லாம் நான் ஒண்டியா ஏறி, கால் வலி இன்னும் போகல..."

மிஸ்டர் லிம் சுவர்க் காலண்டரைப் புரட்டினார். தைப்பூசத்தில் விரலை வைத்து வாரம் வாரமாக இறங்கினார். "எனாம் மிங்கு, ஆறு வாரம், ஆன்டி," என்று ஆறு விரலைக் காட்டினார். "தைப்பூசம் முடிஞ்சு ரெண்டு வாரம், உங்க மகன் வந்தாச்சு. கணக்கு சரி லா."

அஞ்சலையம்மா தன் கால் வலியைத் தானே ஒருமுறை எண்ணிப் பார்த்தார் போலும். "அட முருகா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கலாவின் கையிலிருந்த பையைப் பிடுங்கினார். "குடுடி, கனமெல்லாம் தூக்கிக்கிட்டு! வா, வீட்டுக்குப் போவோம்."

நாங்கள் சிரித்தோம். கலா சிரிக்கவில்லை.

நான் ரவியைப் பார்த்தேன். "உங்கம்மாவுக்குத் தெரியல, கேட்டாங்க. நீ ஏன் தம்பி வாயே தொறக்கல?"

"எனக்கும் இந்தக் கணக்குத் தெரியாதே அக்கா," என்றான்.

அப்போதுதான் கலா பேசினாள். "கணக்குத் தெரியலன்னா பரவால்ல. என்னையுமா தெரியல?"

மிஸ்டர் லிம் காலண்டரைப் பார்க்கத் தொடங்கினார். அஞ்சலையம்மா பையை மெல்லக் கீழே வைத்தார். கலா அதை எடுத்துக்கொண்டு, கிள்ளான் பஸ் பிடிக்கப் போய்விட்டாள். இப்போது யாரும் அவளை அனுப்பவில்லை.

ரவி சபாவுக்கு டிக்கெட்டைத் தள்ளிப் போட்டான். தினமும் அந்த பஸ்ஸில் கிள்ளான் போய், கலாவின் அம்மா வீட்டு வாசலில் மாங்காயும் கையுமாக நின்றானாம். கதவு திறக்க இரண்டு வாரம் ஆனதாம்.

கவுண்டரில் நிற்கப்போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். கிட் விற்கும்போது டாக்டர் கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். புருஷன் கூட வந்திருந்தால் அவனுக்கு முதலில் சொல்லுங்கள்.