பேச்சியக்காவின் புகையிலை

பேச்சியக்கா போய்விட்டார்.

காலையில் அவர் மகள் சுதா போன் செய்தாள். "அம்மா போயிருச்சுக்கா..." அவ்வளவுதான் சொன்னாள். பிறகு அழுகை மட்டும்.

இதைப் படிக்கிற பலருக்கு அவரைத் தெரியாது. மதுரை கோச்சடையில் நான் கவுன்சிலராக இருக்கும் போதை மறுவாழ்வு மையத்தில் சமையல் அவர்தான். நாற்பது பேருக்கு மூன்று வேளையும்.

அவர் அங்கே வேலை தேடி வந்தவர் இல்லை. குடிக்கு அடிமையான கணவரை அட்மிட் செய்ய வந்தவர். அந்த மனிதர் இரண்டு முறை சேர்ந்தார், இரண்டு முறையும் வெளியே போய்த் திரும்பக் குடித்தார். ஈரல் கெட்டு இறந்துபோனார்.

"அவரு போயிட்டாரு தாயி... கூட வந்த நான் இங்கயே தங்கிட்டேன்." சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

எங்கள் கேட்டில் பேஷன்ட்களைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். பீடி, ஹான்ஸ் புகையிலை எதுவும் கூடாது. சமையல்காரரை யார் தடவிப் பார்ப்பது? கிச்சனில் மாவு டின்னுக்குப் பின்னால் ஒரு புகையிலைப் பொட்டலம் எப்போதும் இருக்கும். அவருடைய இடது கன்னம் எப்போதும் கொஞ்சம் உப்பியே இருக்கும்.

எல்லோருக்கும் தெரியும். எனக்கும்தான்.

ஒருநாள் காலை குரூப் வகுப்பு. லாரி டிரைவர் தங்கராசுக்கும் செல்போன் கடை வைத்திருந்த கார்த்திக்கும் சண்டை. எந்தப் போதை மோசம் என்று.

"கஞ்சா அடிச்சவன் மூலையில செவனேன்னு கெடப்பான்ணே. குடிச்சவன்தான் வீட்ல போயி பொண்டாட்டிய மிதிக்கிறது" என்றான் கார்த்தி.

"அடப் போடா... நான் சரக்க விட்டு பத்து நாள்ல மனுசன் ஆயிட்டேன். நீ இன்னும் யாரோ கூப்புடுறாங்கன்னு செவுத்தப் பாத்து பேசிக்கிட்டு இருக்க!"

ஊசிப் போதைக்கு அடிமையாகி வந்திருந்த ஒருவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், நீங்களே சொல்லுங்க... எது மோசம்?" கார்த்தி என் பக்கம் திரும்பினான்.

என்னிடம் ஒரு சார்ட் இருந்தது. உடம்புக்கு எது அதிகக் கெடுதல், குடும்பத்துக்கு எது, எது சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், எதை விடுவது கஷ்டம்... கட்டம் கட்டமாக. நானே எழுதியது. புகையிலை கடைசி வரியில், சின்ன எழுத்தில்.

நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சியக்கா கஞ்சி வாளியோடு உள்ளே வந்தார். "எது மோசம்னு வீட்ல இருக்கவகட்ட போயி கேளுங்கப்பா. ஒங்களுக்கு என்னா தெரியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும். அப்போதும் அவர் கன்னத்தில் அது இருந்தது.

போன வருடம் ஒருநாள் அவர் தான் வைத்த குழம்பையே சாப்பிடாமல் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தார். காரம் எரிகிறதாம். அதையும் விரல் நுனியில் எடுத்து உள்ளே தள்ளினார். வாய் அதற்கு மேல் திறக்கவில்லை.

டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாகப் படர்ந்து, நடுவில் சிவப்பாக ஒரு புண்.

வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு ஃபாரம் வைத்துக்கொண்டு கேட்பேன்... எப்போது ஆரம்பித்தது, யார் கொடுத்தது, விட முயற்சி செய்தீர்களா என்று. ஆறு வருடம் கூடவே இருந்தவரிடம் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன்.

"அந்த மனுசன் குடிச்சிட்டு வந்து அடிச்சதுல கடவாப்பல்லு ஒடஞ்சு போச்சு தாயி. ஒரே வலி. பக்கத்து வீட்டுக்காரிதான் கொஞ்சூண்டு போயில குடுத்தா, அதக்கிக்க, மரத்துப்போகும்னு. பல்லு விழுந்துருச்சு... போயில விழல."

அடுப்பைக் குறைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "இதுக்கும் ஃபாரம் இருக்கா?"

அன்றே எழுதினேன். மறுநாளே பெரியாஸ்பத்திரிக்கும் கூட்டிப் போனேன். புற்றுநோய்தான்.

பதினொரு நாள் விட்டிருந்தார். பன்னிரண்டாவது நாள் மாவு டின்னுக்குப் பின்னால் மறுபடி பொட்டலம்.

பேஷன்ட் யாராவது பழைய பழக்கத்துக்கே திரும்பப் போனால் நான் திட்டவே மாட்டேன். அது நோயின் ஒரு பகுதி என்று மணிக்கணக்காகப் பேசுவேன். அக்காவிடம் மட்டும், "நீங்களே இப்பிடிப் பண்ணலாமாக்கா?" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். மன்னிப்புக் கேட்டேன்... ஆனால் இரண்டு நாள் கழித்து.

ஆபரேஷனில் தாடையில் பாதியை எடுத்துவிட்டார்கள். இரண்டு வாரம் முன்பு வார்டில் போய்ப் பார்த்தேன். முகம் முழுக்கக் கட்டு. பேச்சு இல்லை.

சுதா என்னை வராண்டாவுக்கு இழுத்துப் போனாள். "அக்கா... அம்மா சைகைல போயில கேக்குது. டாக்டர்ட்ட சொல்லவே வெக்கமா இருக்கு. நான் என்னாக்கா செய்யட்டும்?"

இதற்கு வகுப்பு எடுப்பதுதான் என் வேலை. "வெக்கப்பட ஒண்ணுமில்ல சுதா" என்று மட்டும் சொன்னேன். நானே டாக்டரிடம் சொன்னேன்.

திரும்பி வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்து காலை அமுக்கிவிட்டேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். காலை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

இன்றைக்கும் காலை வகுப்பு இருந்தது. அக்கா வாய்ப் புற்றில் போய்விட்ட விஷயத்தைச் சொன்னேன். புதிதாக வந்த ஒருவர் கேட்டார், "ஏன் மேடம், அவுங்களுக்குத்தான் ஒரு பழக்கமும் இல்லயே?"

"போயில மட்டும்தான் போடுவாங்க" என்றார் இன்னொருவர்.

மட்டும்...

சார்ட்டை எடுக்கவில்லை. வகுப்பைப் பாதியில் முடித்துவிட்டேன். ரொம்ப அசதியாக இருக்கிறது.

மூன்று மணிக்கு எடுக்கிறார்களாம். லீவு சொல்லிவிட்டு பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

வாரேன்க்கா.