ஆற்றணைக்கு உள்ளே நின்ற தண்ணீர்

நறுவிலிக்குளத்துக்குப் போகும் வீதியை வெள்ளம் மூடியிருக்கிறது. பஸ் இதற்கு மேல் போகாது என்கிறார் சாரதி. இறங்கி ஆற்றணையில் ஏறுகிறேன். அணைக்கு ஒரு பக்கம் ஆறு ஓடுகிறது, மறுபக்கம் வயல் முழுவதும் சேற்றுத் தண்ணீர் நிற்கிறது.

அணையில், வயல் செய்யும் இரண்டு கமக்காரர்கள் வாக்குவாதப்படுகிறார்கள். அணையை வெட்டித் தண்ணீரை ஆற்றுக்குள் விட வேண்டும் என்கிறார் ஒருவர். வெட்டினால் ஆறு உள்ளே வந்துவிடும், இன்னும் உயர்த்த வேண்டும் என்கிறார் மற்றவர். சற்றுத் தள்ளிக் குந்தியிருக்கும் றீற்றா என்ற பெண்ணிடம், "நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?" என்று கேட்கிறேன்.

"முந்தி அணையை உயர்த்தச் சொல்லி ஊர்க் கூட்டத்தில நானும் கை தூக்கினனான். இனி ஆறு வராதெண்டு சொல்லி உயர்த்தினவை. ஓம், ஆறு வரேல்ல. பெய்த மழைதான் வெளியில போக வழியில்லாமல் உள்ளுக்க நிண்டுட்டுது."

"வீட்டில எல்லாரும் சுகமோ?"

"மழை கூட, நாங்கள் பள்ளிக்கூடத்தில தங்கப் போயிட்டம். அணை இருக்குத்தானே எண்டு மாடுகளை அவிழ்த்து விடேல்ல. ஏழும் செத்துப் போச்சு."

ஏழில் ஆறு மாடுகளை ஏற்கெனவே புதைத்துவிட்டார்கள். ஏழாவது, கட்டிய கட்டையோடு வயல் தண்ணீரில் ஊதிக் கிடக்கிறது. றீற்றா இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கயிற்றை அவிழ்க்கப் பார்க்கிறார். முடிச்சு ஊறி இறுகிவிட்டது. வாக்குவாதப்பட்ட இருவரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கத்தியோடு இறங்குகிறார்கள்.

"நான்தான் இறுக்கிக் கட்டினனான்" என்கிறார் றீற்றா, ஒருவரையும் பார்க்காமல்.